கழுதைத் தட்டு மாட்டிய கடை

உக்காருங்க மதினி, நாற்காலி ஒண்ணும் கடிக்காது. இதை வாய்க்குள்ளதான் சொன்னேன், வெளிய சிரிச்சேன். பத்து நாளா சிரிச்சுச் சிரிச்சு ரெண்டு தாடையும் கடுக்குது. இன்னும் ஒரே ஒரு ராத்திரி, காலம்பற ஒம்போது மணிக்கு பிளைட்டு, ஏத்தி விட்டுட்டேன்னா பொறவு எதுக்கு சிரிக்கணும், ஒரு மாசத்துக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டே இருக்கலாம். முப்பிடாதி மதினி நாற்காலியை முந்தானையால ரெண்டு தட்டு தட்டிட்டு உக்காருதா. பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டு பெஞ்சுன்னு நெனைப்பு. என் வீட்டுக்காரன் சங்கரபாண்டிக்குக் கூடப்பொறந்த அக்கா இவ, ஒரே அக்கா, அம்மை செத்த பொறவு அவனுக்குச் சோறு போட்டு வளத்தவ, அதை இந்தப் பத்து நாள்ல பதினஞ்சு வாட்டி சொல்லியாச்சு. பக்கத்துல அவ வீட்டுக்காரரு வேலாயுதம் அண்ணாச்சி. மின்வாரியத்துல லைன் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு, அதனால உலகத்துல எதைக் காட்டுனாலும் அண்ணாந்து வயரைத்தான் பாப்பாரு. கடலைக் காட்டுனேன், கடற்கரையில நட்ட லைட்டுக் கம்பத்தைப் பாத்தாரு. இப்பவும் கூரையைப் பாத்துக்கிட்டு, "இம்புட்டு பல்பையும் ஒரே லைன்ல இழுத்திருக்கானே, எர்த் குடுத்திருப்பானா?" என்கிறாரு. குடுத்திருப்பான் அண்ணாச்சி, ஆஸ்திரேலியாவுக்கு, இந்தப் பெர்த்துக்கு வந்து கடை போட்டு அம்பது வருசமாச்சு, இன்னும் எரிஞ்சு போகல. டிசம்பர் மாசம், சாயங்காலம் ஆறு மணி, வெயில் சன்னல் வழியா கண்ணைக் குத்துது, இதுல இந்தக் கடைக்காரக் கெழவன் மெழுகுவத்தியைப் பொருத்திக் கொண்டாந்து வைக்கான். அவனுக்கு அவன் கூத்து. தலையை அவன் பக்கம் திருப்புனா பின்கழுத்துல சுள்ளுனு இழுக்கு. தாலிக்கொடி கொக்கியில முடி மாட்டியிருக்கு. நாலு மாசமா அலமாரியில சாக்ஸுக்கு அடியில கெடந்த கொடி, இவங்க வாராங்கன்னு எடுத்துப் போட்டது. நாலு மாசமா, ஏன்னா அவன் என்னைய விட்டுட்டுப் போயி நாலு மாசம். இது இந்த ரெண்டு பேருக்கும் தெரியாது. நாளைக்குக் காலம்பற ஒம்போது மணி வரைக்கும் தெரியக் கூடாது.

சைட்டுல இருக்காரு மதினி, வடக்க சுரங்கத்துல, ரெண்டு வாரம் அங்க ஒரு வாரம் இங்க, இந்த வாட்டி லீவே குடுக்கல, நீங்க போற அன்னைக்கு சாயங்காலம்தான் வாராரு, உங்களுக்குத்தான் குடுத்து வைக்கல. இப்பிடி ஒப்பிச்சு வச்சிருக்கேன். சுரங்கம் நெசம். வேற ஒண்ணும் நெசம் இல்ல. அந்த வீரன் தெனமும் அக்காவுக்கு வீடியோல வாரான், ஆரஞ்சுச் சட்டையை மாட்டிக்கிட்டு, பின்னால தகரச் சுவரு தெரியுத மாதிரி உக்காந்துக்கிட்டு. "அக்காகிட்ட மட்டும் சொல்லிராத, அவ தாங்க மாட்டா" என்று எனக்கு மெசேஜு. அக்கா தாங்க மாட்டாளாம். நான் தாங்குவேனாம், நான் என்ன ரோட்டுல போட்ட தாரா? சரின்னு பதில் போட்டேன் பாரு, அதைச் சொல்லணும். அவனுக்காகவா போட்டேன்? சீ. இவ ஊர்ல போயி எறங்குனதும் தெருவே கூடும், "கோமதியை விட்டுட்டுப் போயிட்டானாம்லா", அப்பிடியா, பிள்ளையும் இல்லல்லா, அதான், அவளுக்குத் திமிரு ஜாஸ்தி, அப்பமே தெரியும். அந்த அப்பமே தெரியும்ங்குற சொல்லுக்குத்தான் பயம். கல்யாணத்தப்ப அவங்க குடும்பத்தைப் பாத்து நான் மூக்கைச் சுளிச்சவ. பொம்பளைங்க எல்லாம் கை நெறைய மஞ்சளும், பேச்சுக்குப் பேச்சு மூதிங்குற திட்டும். இப்ப அந்தக் கூட்டம் என்னைப் பாத்து உச்சுக் கொட்டணுமா? செத்தாலும் நடக்காது. போனவன் போற போக்குல வீட்டுச் சாமான்ல என்னத்தை எடுத்துட்டுப் போனான்? சின்னக் குக்கரை. ரெண்டு லிட்டர் குக்கரை. பன்னெண்டு வருசம் குடும்பம் நடத்துனதுக்கு ஒரு மனுசன் எடுத்துட்டுப் போற சாமானப் பாரு. வந்த மறுநாளே மதினி கேக்கா, "ஏளா, நான் வாங்கிக் குடுத்த சின்னக் குக்கரை எங்க?" கேஸ்கட் போச்சு மதினி, தூக்கிப் போட்டுட்டேன். "கேஸ்கட் போனா கேஸ்கட்டை மாத்தணும், குக்கரையா தூக்கிப் போடுவாவ?" வளர்த்தவளாம், குக்கருக்குக் கணக்குக் கேக்கா.

இந்தக் கடைக்காவது நானா ஆசைப்பட்டு வந்தேன்? இவதான். போனை நீட்டி, தம்பி வைகாசியில அனுப்புன போட்டோன்னு ஒண்ணைக் காட்டுனா. அவன் ஈன்னு இளிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான், தலைக்கு மேல சுவத்துல கழுதைப் படம் போட்ட பீங்கான் தட்டு வரிசையா. "இந்தக் கடைக்கு என்னையக் கூட்டிட்டுப் போளா, இத்தாலிக்காரன் சோறு எப்பிடி இருக்குன்னு பாத்துட்டுப் போறேன்." நான் அந்தக் கழுதைகளை வாழ்க்கையில பாத்தது கெடையாது. வைகாசியில அவன் என்கூடத்தான் இருந்தான். சைட்டுன்னு சொல்லிட்டு இங்க வந்து தின்னுருக்கான். ஆனா நாக்கு தடுமாறல, பொய் சொல்ல அதுக்கு நல்ல பழக்கம் வந்துருச்சு. "இதுவா, நாங்க மாசம் ஒருவாட்டி போற கடைதானே மதினி, அந்தப் போட்டோவே நான்தான் எடுத்தேன்" என்றேன். படத்துல துடைக்கிற துணியில எழுதியிருந்த பேரை வச்சு ராத்திரி தேடிக் கண்டுபிடிச்சேன். மாசம் ஒருவாட்டி வாரவளுக்கு வழி காட்ட போன் வேண்டியிருந்துச்சு, அதோட இயர்போனைக் காதுல மாட்டி முடியால மறைச்சுக்கிட்டேன். அம்புட்டு சாமர்த்தியமும் போயி ஒரு சின்ன விசயத்துல விழுந்தேன். வந்து உக்காந்ததும் மதினி எந்திரிச்சா, "ஏளா, கை கழுவுற எடம் எங்க?" நம்ம ஆளுங்க எங்க போனாலும் சாமியைத் தேடுதாவளோ இல்லையோ குழாயைத் தேடுவாவ. நானும் பெரிய இவ மாதிரி விறுவிறுன்னு முன்னால போயி ஒரு கதவைத் தள்ளுனேன். உள்ள அடுப்பு. ஒரு தடியன் மாவுக்கையோட திரும்பி, இல்ல இல்ல, அந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு கையை ஆட்டுதான். காது ரெண்டும் காந்துது. மாசம் ஒருவாட்டி வந்து தின்னவ கையைக் கழுவாமலா தின்னா? மதினி ஒரு நிமிசம் என்னைப் பாத்தா. பொறவு அவளே, "எடத்தை மாத்திட்டான் போலிருக்கு" என்றா. ஆமா மதினி, இப்பதான் மாத்தியிருக்கான், என்று பாய்ஞ்சு பிடிச்சுக்கிட்டேன். நல்லவேளை, கூறு பத்தாது அவளுக்கு.

மெனு அட்டை வந்துச்சு. வெள்ளிக்கிழமை, கவுச்சி ஆகாது, அதை நான் கெழவன்கிட்ட விளக்கணும். மீன் இல்லாம, கறி இல்லாம, முட்டை இல்லாம. கெழவன் நெஞ்சுல கையை வச்சுக்கிட்டு, அவங்க அம்மாவும் வெள்ளிக்கிழமை கறி தொட மாட்டாள்னு சொன்னான். மதினிக்குச் சொன்னேன். அவளுக்குக் கெழவனைப் பிடிச்சுப் போச்சு. "கேட்டியா, நல்ல குடும்பம்." எல்லாரையும் ரெண்டு குடும்பமாப் பிரிச்சு வச்சிருக்கா, வெள்ளிக்கிழமையை வச்சு. அவ தம்பி போன வெள்ளிக்கிழமை என்ன தின்னான், யார் வீட்டுல தின்னான்னு கேளு. ரொட்டியும் எண்ணெயும் வச்சான். "ஏட்டி, இது என்ன, பச்சை எண்ணெயை அப்பிடியே வச்சிருக்கான், தாளிக்கவே இல்லையே." அண்ணாச்சி ஆலிவ் காயைக் கடிச்சுட்டுக் கொட்டையை எங்க துப்புறதுன்னு தெரியாம சட்டைப் பையில போடுதாரு. தக்காளிச் சாறு ஊத்துன நூடுல்ஸ் மூணு தட்டு வந்துச்சு. மதினி மோந்து பாத்தா. கைப்பையைத் தொறந்தா. எனக்கு அப்பமே தெரிஞ்சுது. ஒரு பிளாஸ்டிக் கவரு, அதுக்குள்ள பொரிச்ச மோர் மிளகாய். ஏர்போர்ட்டுல நாயே மோந்து பாத்துட்டு வேண்டாம்னு விட்டுட்ட சாமான். ஒரு மிளகாயை நொறுக்கித் தட்டுல தூவுதா, இத்தாலிக்காரன் நிக்கும்போதே. இந்த மேசைக்கு அடியில பூமி பொளந்து என்னை உள்ள வாங்கிக்கிடக் கூடாதா? கெழவன் குனிஞ்சு பாத்தான், ஒண்ணு கேட்டு வாங்கிக் கடிச்சான், கண்ணுல தண்ணி வந்துருச்சு அவனுக்கு, ஆனா சிரிச்சான். இன்னொண்ணு எடுத்து ஏப்ரன் பையில போட்டுக்கிட்டான். எல்லாத்துக்கும் ஒரு பை வச்சிருக்காங்க எல்லாரும். "உனக்கும் ஒண்ணு போடவா?" என்கிறா மதினி. வேண்டாம் மதினி. எனக்கு அந்த வாசனைக்கு வாயூறுதுங்குறது வேற விசயம், அதை அவகிட்ட சொல்ல மாட்டேன்.

தின்னுக்கிட்டு இருக்கும்போதே போனை எடுத்தா. "ஏளா, இரு, தம்பி எந்த எடத்துல உக்காந்திருக்கான்னு பாப்போம்." விரலால படத்தைப் பெருசாக்குதா, சுவத்தைப் பாக்கா, படத்தைப் பாக்கா. "இந்தா, காது ஒடைஞ்ச கழுதை. மூணாவது தட்டு. அப்ப இதே மேசைதான்." எனக்கு நேர போனைப் பிடிச்சா. இவ காட்டுன அன்னைக்கு நான் இந்தப் படத்தைச் சரியாவே பாக்கல, அவன் மூஞ்சியைப் பாத்ததும் கண்ணைத் திருப்பிட்டேன். இப்பத்தான் பாக்கேன். இடது ஓரத்துல, மேசைக்கு இந்தப் பக்கம், ஒரு கை. வெள்ளைக் கை. மணிக்கட்டுல பச்சை குத்துன சின்னப் பறவை ஒண்ணு. ரொட்டியைப் பிடிச்சிருக்கு. நான் ரத்தம் எடுக்குறவ, லேபுல ஒரு நாளைக்கு நாப்பது கையைப் பிடிக்குறவ, கையைப் பாத்தா வயசு சொல்லுவேன். முப்பத்தஞ்சு இருக்கும். நரம்பு நல்லா எடுப்பா இருக்கு, ஒரே குத்துல கெடைக்கும். சீ, என்ன நெனைப்பு இது. அந்தக் கை இருந்த எடம் நான் இப்ப உக்காந்திருக்குற எடம். இந்த நாற்காலிதான். இதே மேசைவிரிப்பா கூட இருக்கும், சிவப்புக் கட்டம். முழங்கையை எடுத்துக்கிட்டேன். படத்தை நான் எடுத்தேன்னு சொல்லியிருக்கேனே, நான் எடுத்தேன்னா இந்தக் கை யாருது? இவ பாத்துட்டாளா? பாத்திருந்தா கேப்பா, குக்கரைக் கேட்டவ இதைக் கேக்க மாட்டாளா? பாக்கல. கழுதையைத்தான் பாக்கா. "மூஞ்சியைப் பாரு, நல்லா வயிறு நெறையத் தின்ன மூஞ்சி" என்கிறா. ஆமா மதினி. திரும்பவும் பின்கழுத்துல சுள்ளுனு இழுக்கு. கல்யாணத்தன்னைக்கும் இப்பிடித்தான். அவன் ஒரு முடிச்சைப் போட்டுட்டுக் கையை எடுத்துட்டான், நாத்தனார்ங்குற பாத்தியதையில மிச்ச ரெண்டு முடிச்சையும் இவதான் போட்டா. போட்டவ என் முடியையும் சேத்து முடிஞ்சுட்டா. மூணு மணி நேரம், ஆரத்தி, ஆசீர்வாதம், போட்டோ எல்லாம் முடியுற வரைக்கும் தலையைத் திருப்ப முடியல. முண்டம், ஒரு முடிச்சு ஒழுங்காப் போடத் தெரியல இவளுக்குன்னு அன்னைக்கு நெனைச்சேன். பன்னெண்டு வருசம் கழிச்சும் அதே எடத்துல வலிக்கு.

"தம்பி நாளைக்கு சாயங்காலம் வாரான்லா? அவனுக்கு ஒண்ணு கட்டச் சொல்லு." தின்னு முடிச்சுட்டு இப்பிடி ஆரம்பிக்கா. பாத்தியா, நான் இங்க ஒவ்வொரு நிமிசத்தையும் பல்லைக் கடிச்சுத் தள்ளிக்கிட்டு இருக்கேன், இவளுக்குத் தம்பி வயிறு. மதினி, அது நாளைக்குள்ள வெறச்சுப் போகும். "போனாப் போகுது, சுட வச்சுத் தின்னட்டும். வெளியூர்ல இருந்து பசியோட வாரவன்." வெளியூரு. இருவது நிமிச தூரத்துல இருக்கான், ஆத்துக்கு அந்தப் பக்கம், என் குக்கர்ல பருப்பு வேக வச்சு அந்தக் கைக்காரிக்கு ஊட்டிக்கிட்டு. சொல்லிரலாமா? சொல்லிட்டா என்ன? ஒரு மூச்சுதான். உங்க தம்பி போயிட்டான் மதினி. நாலு சொல்லு. சொல்லிட்டா அந்த நாலு சொல்லும் இந்த மேசை மேல கெடக்கும், பொறவு திருப்பி எடுக்க முடியாது. சொல்லாத வரைக்கும் அவன் சைட்டுல இருக்கான். அட, இதுக்குத்தானா? இந்தப் பத்து நாளும் வீட்டுல அவனையும் சேத்து நாலு பேருக்கு உலை வச்சு, ரெண்டு நாளைக்கு ஒருக்க அவன் சட்டையை எடுத்துத் தொவைச்சுக் கொடியில காயப் போட்டு, "அவரு வந்தா" "அவருக்குப் பிடிக்கும்"ன்னு பேசிப் பேசி, நானே கொஞ்சம் நம்பிட்டேனா? தூ. ஊர்ல உள்ளவளை எல்லாம் கூறு கெட்டவன்னு சொல்லுதவ, என்னைச் சொல்ல ஒரு ஆள் இல்ல. கெழவனைக் கூப்பிட்டு ஒண்ணு கட்டச் சொன்னேன். மிளகாய் ரெண்டு அதுல போடச் சொல்லுங்குறா மதினி. போடச் சொன்னேன்.

"வா, கையைக் கழுவிட்டு வருவோம். இப்பத்தான் வழி தெரியும்லா." முள்ளுக்கரண்டியில தின்ன கைக்கு என்ன கழுவல்? ஆனாலும் போனேன். சின்ன பாத்ரூமு, ஒரே தொட்டி, ஒரே கண்ணாடி. அவ மூணு தடவை சோப்புப் போட்டுக் கழுவுதா, வாயைக் கொப்புளிக்கா, அந்தச் சத்தம் கடை முழுக்கக் கேட்டிருக்கும். நான் கதவைப் பாத்துக்கிட்டு நிக்கேன். பின்னால வந்து, "அசையாத, முடி மாட்டிக் கெடக்கு, சாயங்காலத்துல இருந்து பாக்கேன், கழுத்தை வச்சுக்கிட்டு நீ படுத பாடு" என்றா. ஈரக்கை பின்கழுத்துல பட்டுச்சு. ஒவ்வொரு முடியா உருவுதா. கொக்கி கழண்டுச்சு, ஆனா கொடியை விடல, ரெண்டு முனையையும் ரெண்டு கையில பிடிச்சுக்கிட்டு அப்பிடியே நிக்கா. கண்ணாடியில அவ மூஞ்சி தெரியுது. "அந்தப் போட்டோவுல ஒரு கை இருக்குல்லா" என்றா, சத்தமே இல்லாம. "வைகாசியிலயே பாத்துட்டேன். கல்யாணத்துக்கு மொத நாளு உன் கையில மருதாணி வச்சது நானு, உன் கை எனக்குத் தெரியாதா? நேர்ல வந்து பாப்போம்னுதான் அண்ணாச்சியை இழுத்துட்டு வந்தேன். வந்தா குக்கரைக் காணும், அவன் செருப்பைக் காணும், சேவிங் செட்டைக் காணும். கொடியில மட்டும் ரெண்டு நாளைக்கு ஒருக்க ஒரே சட்டை காயுது. இப்பச் சொல்லுவா, பொறவு சொல்லுவான்னு பத்து நாளாப் பாக்கேன். நீ சிரிச்சுக்கிட்டே இருக்க." அடுப்படிக் கதவைத் தள்ளுனப்ப எடம் மாத்திட்டான்னு சொன்னாளே, அதுவும் தெரிஞ்சா சொன்னா? தெரிஞ்சுதான். எனக்குத் தப்பிக்க வழி போட்டுக் குடுத்திருக்கா, நான் அவளுக்குக் கூறு பத்தாதுன்னு சந்தோசப்பட்டிருக்கேன். அவமானமா இருந்துச்சு, அழுகை வந்துச்சு, ரெண்டுல எது முந்துச்சுன்னு தெரியல. "தெருவுல சொல்லுவீங்களா மதினி?" இதுதான் என் வாயில வந்துச்சு, பாருங்க, இவ்வளவுக்குப் பொறவும் இதுதான். "போளா, தெருவைக் கொண்டு போயி ஒடப்புல போடு. அவனை வளத்தவ நானு, நான்லா தலையைத் தொங்கப் போடணும்." கொடியை லேசா ஆட்டுனா. "மூணு முடிச்சுல அவன் போட்டது ஒண்ணு. அதை அவன் அவுத்துட்டுப் போயிட்டான், சவத்து மூதி. ரெண்டு நான் போட்டது. அது இன்னும் எங்கிட்டதான் இருக்கு. அதனால உன்னைக் கேக்கேன். வச்சுக்கிடணும்னா மாட்டி விடுதேன், ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். வேண்டாம்னா நான் போட்டதை நானே அவுத்துருதேன். எதுன்னாலும் நான் உனக்கு மதினிதான்." நான் ஏளனமா ஒரு சொல்லைத் தேடுனேன். எப்பவும் ரெடியா இருக்கும் எங்கிட்ட. "சொல்லுளா, கை கடுக்கு" என்றா. கழட்டுங்க மதினி, என்றேன். கையைத் தொடைக்குற காயிதத்துல கொடியைச் சுருட்டி என் உள்ளங்கையில வச்சு மூடுனா. முந்தானையால என் மூஞ்சியைத் தொடைச்சு விட்டா, முரட்டுத்தனமா, நாற்காலியைத் தட்டுன மாதிரியே.

மேசைக்கு வந்தோம். கெழவன் பொட்டலத்தைக் கட்டி ஒரு காயிதப் பையில போட்டு வச்சிருந்தான். அண்ணாச்சி கூரையைப் பாத்துக்கிட்டே, "தம்பிக்குள்ளதை மறந்துறாதிய" என்றாரு. மதினி பையை எடுத்து என் மடியில வச்சா. "அவனுக்கு எதுக்கு? அவன்தான் இங்க வந்து தின்னுட்டுப் போயிட்டானே. இது கோமதிக்கு." அண்ணாச்சி அப்பத்தான் பல்பை விட்டுட்டு என்னைப் பாத்தாரு, என் வெறுங்கழுத்தைப் பாத்தாரு, தட்டை நகத்தி வச்சாரு. நான் சிரிக்கல.